பூனை பிஸ்கட் பற்றி ஒரு திருத்தம்

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் உன் மனைவியும் நலமென்றே எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கா கண் தெரியாமல் பூனையின் பிஸ்கட்டைத் தின்றுவிட்டாள் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவருகிறாயாம். அது தவறு. கண்ணாடி போட்டுக்கொண்டு, டப்பாவின் பின்பக்கத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் தின்றேன். பொடி எழுத்தைப் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே, எதையும் வாயில் வைக்காதே என்று கான்வென்டில் சிஸ்டர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உனக்குத்தான் அந்தப் படிப்பு வாய்க்கவில்லை.

இந்த வீட்டில் ஒரு கத்தரிக்கோல் இருந்தால் சமையல் முடிந்துவிடும். காலையில் ஒரு பாக்கெட், மதியம் ஒரு பாக்கெட், ராத்திரிக்கு இரண்டு. மகனுக்கு நெஞ்செரிச்சல், மருமகளுக்கு வயிற்று உப்புசம், பேத்தியோ குளியலறைக்குள் பாடப்புத்தகத்தோடு போகிறாள். பாடம் முடிகிறது, வேறொன்றும் முடிவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியைக் காலிசெய்து எல்லாவற்றையும் மேசைமேல் வைத்துப் படித்தேன். பேத்தியின் காலை உணவில் முதல் பெயரே சர்க்கரை. கோழி சூப்பில் கோழி, படத்தோடு சரி. பூனையின் டப்பாவில் நிஜக் கோழி, நார்ச்சத்து. சர்க்கரையும் இல்லை, சாயமும் இல்லை. பூனையைத் திரும்பிப் பார்த்தேன். ரோமம் பளபளவென்றிருக்கிறது, வெளிக்குப் போவது ஒழுங்கு, அலமாரி உச்சிக்கு ஒரே தாவல். என் மகனுக்கு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஆகவே ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஒரே ஒரு தடவை, ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் போட்டுத் தின்றேன். அந்த நேரம் பார்த்தா மருமகள் வரணும்?

"அத்தை, அது பூனையோடது."

"தெரியும்மா. உங்களோடதைவிட நல்லா இருக்கு."

மகன் ஓடிவந்து என் முகத்துக்கு நேரே விரல்களை நீட்டினான். "அம்மா, இது எத்தனை, சொல்லு."

"மூணு. முதல்ல நகத்தை வெட்டுடா."

அவன் நகம் வெட்டவில்லை. முதியோர் இல்லத்துக்குப் போன் செய்தான். அங்கே சாப்பாடு எப்படி என்று விசாரிக்கச் சொன்னேன். எல்லாம் பாக்கெட்டில் வருமாம், சூடாக்கித் தருவார்களாம். மாமா நீ சரியென்று சொன்னால் அடுத்த மாதமே சேர்த்துவிடுவானாம். இந்த வீட்டில் எனக்கென்று ஒரு அறை, ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி இருக்கிறது. அதைவிட்டு எங்கும் போவதாக இல்லை. அக்கா புத்தி தெளிவோடுதான் இருக்கிறாள், தின்றது ஒரே ஒரு தடவைதான் என்று அவனுக்கு நீ ஒரு வார்த்தை எழுத வேண்டும்.

உன் பிள்ளைகள் பசித்துச் சாப்பிட்டு, சாப்பிட்டது செரித்து, நன்றாக இருக்கட்டும்.

உன் அக்கா

பின்குறிப்பு: அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பூனை, பேத்தியின் காலை உணவுக்கு மாறிவிட்டது, இப்போது நாற்காலியில் ஏறவே யோசிக்கிறது. ஆனாலும் அதன் டப்பா வாரம் ஒன்று காலியாகிறது. நீ வரும்போது பெரிய டப்பாவாக வாங்கி வா. கோழி மட்டும், மீன் எனக்கு எதுக்களிக்கிறது. கடையில் பூனைக்கு என்றே சொல். உங்கள் பக்கம் கிடைக்குமா என்பதைப் போனில் சொல்லாமல் எழுத்தில் தெரிவி.