மொதல்ல அண்ணன் எழுதிய கேள்வி

“…ஏலமும் கெடக்கட்டும், மதுரைக்காரனும் கெடக்கட்டும். மிசினு கேக்குறதுக்கு மொதல்ல உண்மையைச் சொல்லு தாயி!”

சொன்னவர் மொதல்ல அண்ணன். அருப்புக்கோட்டைக்கும் நரிக்குடிக்கும் இடையில், ஒரு காரியத்தைத் தொடங்க இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட மனிதர் வேறு எவரும் பிறந்ததில்லை. வாயைத் திறந்தால் ‘மொதல்ல’தான். பைக்கை எடுக்கச் சொன்னால், “மொதல்ல காத்து இருக்கா, பெட்ரோல் இருக்கா பாப்பம்” என்று வண்டியையே வலம் வருவார். அதற்குள் நடந்து கிளம்பியவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். தம் கல்யாணத்தில் தாலியைக் கையில் வாங்கியவர், “மொதல்ல கயிறு உறுதியான்னு பாக்கணும்ல?” என்று இழுத்துப் பார்த்தாராம். தவில்காரர், “மாப்ளே, கயிறு நிக்கும், என் கைதான் அந்து போகும்” என்றாராம்.

எங்கள் சின்ன மென்பொருள் ஆபீஸுக்கு வந்த பிறகுதான் அவர் அருமை தெரிந்தது. எழுதிய நிரலை ஓடுகிற மென்பொருளாகக் கட்டுவதற்கு ‘பில்டு’ என்று பெயர். அதற்கு முன் பழைய கோப்புகளைத் துடைக்க வேண்டும், துணை நிரல்கள் சரியான பதிப்பில் இருக்கின்றனவா பார்க்க வேண்டும், இல்லாததை இறக்க வேண்டும். இதையெல்லாம் கையால் செய்து, தினமும் எதையாவது மறந்து, மத்தியானச் சோற்றை விட்டுவிட்டுப் பிழை தேடிக்கொண்டிருப்போம்.

அண்ணன் பார்த்தார். அத்தனையையும் தானாகவே செய்து முடிக்க ஒரு நிரல் எழுதினார். பெயர் வேறென்ன, ‘மொதல்ல’! எல்லாம் முடித்து அது ஒரு கேள்வி கேட்டு நிற்கும்: ‘சாப்பிட்டாச்சா?’ ‘ஆச்சு’ என்று அடித்தால்தான் பில்டு தொடங்கும்.

“இது எதுக்குண்ணே?”

“பசியோட இருக்கவ கண்ணுக்குப் பிழை தெரியாது தாயி.”

எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, மல்லி, மிளகாய் வத்தல் கமிஷன் கடை ஒன்றுக்கு மூட்டை இருப்பு பார்க்கும் மென்பொருள். கடை அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “ஏலத்துக்குள்ள என் கம்ப்யூட்டர்ல ஓடணும். இல்லேன்னா மதுரைக்காரங்களுக்குக் குடுத்துருவேன்.” கொடுத்தால் ஆபீஸுக்குப் பூட்டு, நான் சென்னைக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

ஏலத்தன்று காலை கடையில் உட்கார்ந்து, வத்தல் நெடியில் தும்மிக்கொண்டே அண்ணன் ‘மொதல்ல’வை ஓடவிட்டார். வரிகள் மளமளவென்று ஓடி நின்றன: ‘சாப்பிட்டாச்சா?’

அண்ணாச்சி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். “என்னப்பா, மிசினு என்னைய விசாரிக்குது? தோசை ஆச்சுன்னு சொல்லு.”

“ஒங்கள இல்ல அண்ணாச்சி, இந்தப் பிள்ளைய.”

பயத்தில் நான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ‘ஆச்சு’ என்று அடித்துவிடக் கையை நீட்டினேன். கீபோர்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு அண்ணன் ‘மொதல்ல உண்மையைச் சொல்லு தாயி’ என்றது அப்போதுதான். வாசலில் ஏலத்துக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

“இன்னும் இல்லண்ணே” என்றேன்.

பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்து என் முன்னால் பிரித்து வைத்தார். அண்ணாச்சி தலையில் கைவைத்தார்; பிறகு சிரித்துவிட்டார். “வெரசாத் தின்னு தாயி, என் ஏலமே ஒன் வாயிலதான் இருக்கு!”

நான் விழுங்கி முடித்ததும் அண்ணன் ‘ஆச்சு’ என்று அடித்தார். ஒரு தடங்கலும் இல்லாமல் பில்டு முடிந்து, மூட்டை இருப்பு திரையில் வந்து நின்றது. “மதுரைக்காரன் வேணாம், இனிமே நீங்களே பாத்துக்கிடுங்கப்பா” என்று அண்ணாச்சி ஏலத்துக்கு எழுந்து போனார்.

அப்புறம்தான் கவனித்தேன், பையில் வேறு பொட்டலம் இல்லை.

“நீங்க சாப்பிட்டீகளாண்ணே?”

“நான் கடைசியில தாயி” என்றவர், இலையை மடித்து எடுத்துக்கொண்டு, நான் கீபோர்டில் சிந்தியிருந்த சட்னியைத் தம் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தார்.