நிச்சயதார்த்தத் தட்டும் மடவை வலையும்

தாளத்துக்கும் எனக்கும் எந்தக் காலத்திலும் ஒத்துவந்ததில்லை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவன். ஆண்டு விழாவில் எல்லோரும் கைதட்டி முடித்த பிறகு தனியாக ஒரு தட்டல் கேட்டால், அது நான்தான். அப்படிப்பட்டவனுக்குப் பார்க்கின்சன் நோய் வந்து, இனிமேல் தாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

கை நடுக்கத்தைவிடக் கால்தான் என்னைப் படுத்தியது. நன்றாக நடந்து வருவேன். வாசற்படி வந்ததும் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். சீரான ஒரு சத்தத்தைக் கேட்டு அதற்கேற்ப அடி வைத்தால் கால் விடுபடும் என்று பொன்னேரியில் பயிற்சி கொடுத்த பெண் சொன்னார். அதனால் தினமும் காலையில் டச்சுக்காரர் கல்லறைப் பக்கம் நான் முன்னால் நடக்க, என் மனைவி செல்வி டிபன் பாக்ஸ் மூடியைத் தட்டிக்கொண்டு பின்னால் வருவாள். (அங்கே படுத்திருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள் என்ற தைரியம்தான்.)

இந்த நிலையில் மகள் ரேவதிக்கு ஆரம்பாக்கத்தில் வரன் அமைந்தது. தோணிரேவில் ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் வீட்டிலேயே நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் பெரியப்பா பந்தலில் யாரிடமோ மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்துவிட்டது.

"பொண்ணைத் தாரை வார்க்க இவரால நிக்க முடியுமா? இல்ல, வேற யாரையாச்சும் நிறுத்துவாங்களா?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மச்சான் எடுத்து வருவதாக இருந்த தாம்பூலத் தட்டை நானே வாங்கிக்கொண்டேன். இன்றைக்கு இதைச் சம்பந்தி கையில் கொடுக்க முடியாதவன், நாளைக்கு மகள் கையை எப்படிப் பிடித்துக் கொடுப்பான்?

"இன்னாங்க, மூடியை எடுத்தாரட்டா?" என்றாள் செல்வி, காதோரம்.

விருந்தாளிகள் முன்னால் டிபன் பாக்ஸ் மூடியா? முறைத்தேன். (பெரிய வீரன்.)

வாசற்படி வந்தது. கால் நின்றது. பந்தலே என்னைப் பார்த்தது. தட்டில் தேங்காய் ஆடத் தொடங்கியது. அப்போது ஏரியிலிருந்து டொக்... டொக்... என்று சத்தம். யாரோ வலை விரித்துவிட்டு, படகுப் பலகையைக் கழியால் தட்டி மடவை மீனை வலைப் பக்கம் விரட்டிக்கொண்டிருந்தார். என் கால் அதைக் கேட்டுவிட்டது. ஒரு அடி. இன்னொரு அடி. சம்பந்தி இரண்டு கையையும் நீட்டினார்.

மீன் வலையை நெருங்க நெருங்கத் தட்டலை வேகமாக்குவார்கள். இந்த ஏரிக்கரையிலேயே பிறந்தவன், அதை மறந்துவிட்டேன். கால் மறக்கவில்லை. நீட்டிய கைகளைத் தாண்டினேன், பெரியப்பாவைத் தாண்டினேன், பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்களைத் தாண்டினேன். நில், நில் என்று மூளை கத்தியது; காலுக்குக் காது ஏரியில் இருந்தது. வலை மூடியதும் தட்டல் நின்றது. நானும் நின்றேன், முழங்கால் தண்ணீரில், பட்டு வேட்டியோடு, தட்டை மார்போடு அணைத்தபடி.

ரேவதியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. திரும்பி நடக்க முயன்றேன், கால் வரவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார்.

"எதைக் கேட்டா நடப்பீங்கண்ணே?"

படகுக்காரர் கையிலிருந்த கழியைக் காட்டினேன். சம்பந்தியம்மா அவர் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"தம்பி, இன்னொரு தபா தட்டு. மெதுவா."

"வலை மூடியாச்சுக்கா. மீன் உள்ள வந்துடுச்சு."

"மீனுக்கு இல்லப்பா. எங்க சம்பந்திக்கு."

டொக்... டொக்... சம்பந்தியம்மா என் கையைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் என் அடிக்கு அடி வைத்து நடந்தார். கரையில் முதலில் கைதட்டித் தாளம் போட்டவர் பெரியப்பாதான். தட்டைச் சம்பந்தி கையில் கொடுத்தேன். (தேங்காயைத்தான் ஏரி வாங்கிக்கொண்டது.)

கல்யாணத்துக்கு அந்தப் படகுக்காரர் கழியோடு வந்து மண்டப வாசலில் நின்றார். மேளக்காரர்கள் அவரை முறைத்தார்கள். நான் மேடைவரை நடந்தேன். நின்று தாரை வார்த்தேன்.

இன்றைக்கும் யாராவது தாம்பூலத் தட்டை ஏந்தி வந்தால் நான் ஓரமாக ஒதுங்கிவிடுவேன். மகள் வீட்டுக்குப் போனாலும் படியில் கால் நின்றுவிடும். மாப்பிள்ளை கதவை மெதுவாகத் தட்டத் தொடங்குவார். உள்ளேயிருந்து ரேவதி கேட்பாள்.

"இன்னாங்க, மீனா?"

"இல்ல, உங்க நைனா."