துரை பங்களாவில் நட்ட மக்னோலியா

அன்பும் மரியாதையும் நிறைந்த சின்னம்மாவுக்கு,

லோஜனா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நான் மட்டும் திங்கட்கிழமை காலை வரைக்கும்தான் நலம். நீங்களும் சித்தப்பாவும், கந்தளாயில் உங்கள் நாற்றுமேடையில் நிற்கும் கன்றுகளும் நலமாக இருக்கக் கோணேசரைப் பிரார்த்திக்கிறேன். கன்றுகளுக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே பிரார்த்திக்கிறேன்.

இதைப் போர்வைக்குள் டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். வட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்று நினைப்பீர்கள். போன் அம்மாவுடையது. அதில் ஒரு வரி போட்டால் விடிவதற்குள் கனடா மாமா வரைக்கும் தெரிந்துவிடும். ஆகவே இந்தக் கடிதத்தை நாளைக்குக் கந்தளாய் பஸ்ஸில் போகும் சிந்துஜன் அண்ணாவிடம் கொடுத்துவிடுவேன். வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

துறைமுகத்தைப் பார்த்த மேட்டில் ஒரு பழைய துரை பங்களா இருக்கிறதல்லவா, அதைப் புதுப்பித்துத் தோட்டத்தையும் திறந்துவிட்டிருக்கிறார்கள். இன்றைக்கு எங்கள் வகுப்பைச் சுற்றுலாவாக அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள். கச்சான் என்கிற மேல்காற்று முகத்தில் நெருப்பாக அடித்தது. புல்லில் மிதிக்கக்கூடாது, ஏனென்றால் அது துரைசாணி நடந்த புல். வாங்கில் உட்காரக்கூடாது, அது துரைசாணி உட்கார்ந்த வாங்கு. மரநிழலில் சோற்றுப் பார்சல் பிரிக்கவும் கூடாது. துரைசாணி அங்கே என்ன செய்தா என்று வழிகாட்டி சொல்லவில்லை, ஆனாலும் கூடாது. ஒரு நாளை வெளியே கழிக்க வந்த நாங்கள் பஸ்ஸுக்குள் இருந்து சாப்பிட்டோம். தோட்டத்தில் மதில் ஓரமாகப் பெயர்க்கற்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் இன்ன பெரியவர் இந்த மரத்தை நாட்டினார் என்று இருக்கிறது. மரம் ஒன்றும் இல்லை. கற்கள் மட்டும் நன்றாக வேர்விட்டிருக்கின்றன.

இன்றைய மரநடுகைக்கு அழைத்திருந்த பிரதம விருந்தினருக்கும் ஒரு கல் தயாராக இருந்தது. அவர் நட வேண்டியது மக்னோலியாவாம். துரைசாணிக்குப் பிடித்த மரமாம். மலைநாட்டிலிருந்து எடுப்பித்து, தொட்டிக்குத் தங்கத்தாள் சுற்றி வைத்திருந்தார்கள். சுற்றுலாவுக்குப் பொறுப்பான ஹஸ்மி சேர் எல்லோரையும் பார்த்துவிட்டு, "லோஜனா பொறுப்பான பிள்ளை, திங்கக்கிழமை மாணவத் தலைவிச் சின்னம் குத்தப் போற பிள்ளை. இவ இதுக்குக் காவல் இருக்கட்டும்" என்றார். பெருமையில் எனக்கு வெயில்கூடத் தெரியவில்லை.

விருந்தினர் வரவில்லை, வரவில்லை, வரவேயில்லை. எனக்கோ ஒன்றுக்கு வந்துவிட்டது. பங்களாவுக்குள் கழிவறை இருக்கிறது, ஆனால் அது வரலாற்றுச் சின்னமாம். பார்க்கலாம், போகேலாது. பின்பக்கத்தில் காவற்காரர் வீட்டுக்கு ஓடிப் போய்த் திரும்பி வருகிறேன், தொட்டிக்கு முன்னால் ஒரு மான் நிற்கிறது சின்னம்மா! நம்முடைய ஊர் மான்தான், பஸ் நிலையத்தில் வாழைப்பழத்தோல் தின்று வளர்ந்தது. தங்கத்தாள் வாயில் தொங்க, என்னைப் பார்த்துக்கொண்டே கடைசி இலையை மென்றது. அதட்டினேன். இந்த ஊர் மானுக்கு அதட்டுவது என்றால் என்னவென்றே தெரியாது.

என் சிநேகிதி ஷிஃபானா வந்து, "அல்லாஹ்வே! சேரிட்ட சொல்லுவமாடி?" என்றாள். "சொன்னா சின்னம் போயிடும். அம்மா கொன்றுபோடுவா" என்றேன். அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. காவற்காரர் வீட்டுக் குசினிப் பக்கத்தில் காற்றுக்கு முறிந்த முருங்கைக் கிளை ஒன்று கிடந்தது. வேறு என்ன செய்வது? தொட்டியில் குத்தி, மண்ணை அமத்தி, மிச்சத் தங்கத்தாளைச் சுற்றிவிட்டேன்.

விருந்தினர் கையுறை போட்டுக்கொண்டு அதை நட்டார். "இதின்ர பெயர் என்ன?" என்று கேட்டார். கையிலிருந்த தாளைப் பார்த்து ஹஸ்மி சேர், "மக்னோலியா சேர்" என்றார். "ஓமோம், நான் லண்டனில கனக்கக் கண்டிருக்கிறன்" என்றார் அவர். கைதட்டினார்கள். வாரத்தில் இரண்டு நாள் முருங்கையிலை தின்கிற அத்தனை பேரும் சின்னம்மா, ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. சமையல் படிப்பிக்கிற ஜெயரூபி ரீச்சர் மட்டும் இலையைத் தடவி, "நல்ல பிஞ்சு இலை" என்று பெருமூச்சு விட்டா. இந்தப் பிள்ளைகளும் இந்த மரத்தைப் போலவே வளர வேண்டும் என்று விருந்தினர் வாழ்த்தினார். முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்று அம்மா சொல்லுவாவே, அதில் முதல் பாதியை நான் செய்துவிட்டேன். மற்றப் பாதி அம்மாவிடம் இருக்கிறது.

நாளைக்கு அதிபர் படங்களைப் பாடசாலைக் குறூப்பில் போடுவார். படத்தில் தெரியாவிட்டாலும் முருங்கை சும்மா இருக்காது. கொஞ்ச நாளில் கூரைக்கு மேலே போய், துரைசாணியின் மக்னோலியாவில் முழ நீளத்துக்குக் காய் தொங்கும். பிறகு யார் காவல் இருந்தது என்று கேட்பார்கள். நல்லகாலம், அதற்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பையும் என்னிடமே தந்திருக்கிறார்கள். ஆகவே உங்களை இரு கைகூப்பிக் கேட்கிறேன்: எப்படியாவது ஒரு மக்னோலியாக் கன்று சிந்துஜன் அண்ணாவிடம் கொடுத்துவிடுங்கள். சாக்கில் சுற்றி, கத்தரிக்காய் என்று சொல்லுங்கள். ஒருவருக்கும் தெரியாமல் மாற்றி நட்டுவிடுவேன். இந்தப் பக்கம் மட்டும் இப்போது வந்துவிடாதீர்கள். உங்களுக்கு முகத்தில் ஒன்றும் ஒளிக்கத் தெரியாது, அம்மா பார்த்தவுடனே பிடித்துவிடுவா.

சித்தப்பாவுக்கு என் அன்பு. உங்கள் கன்றுகளை மானும் மந்தியும் அண்டாமல் கடவுள் காக்கட்டும்.

இப்படிக்கு,
பயத்திலும் உங்களை மறவாத பெறாமகள்,
லோஜனா

பி.கு.: ஞாயிறு மத்தியானம். மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். கன்று வேண்டாம். இரவு அந்த மான் திரும்ப வந்து, நட்டதையும் தின்றுவிட்டதாம். அதிபர் குறூப்பில் குரற்பதிவு போட்டிருக்கிறார்: "அரிய மக்னோலியாவை மான் தின்டுபோட்டுது. அது பிள்ளையின்ர பிழையில்லை. நாளைக்குச் சின்னம் குத்துறதுதான்." நான் சொல்லப் பயந்த உண்மையை ஒரு நாள் பிந்தி அவரே சொல்லிவிட்டார்! அதே விருந்தினர் திரும்ப வந்து வேறு கன்று நடுவாராம். அதற்குப் புதுக்கல்லும் சொல்லியாகிவிட்டது. ஆறுதலாகச் சாப்பிட உட்கார்ந்தேன். குரற்பதிவுக்குக் கீழே மரம் நட்ட படமும் இருந்தது. அம்மா அதை விரலால் விரித்து விரித்துப் பார்த்தா. எழும்பிக் குசினிக்குள் போனா. திரும்பி வந்து என் சோற்றுக் கோப்பையில் முருங்கையிலை வறையைக் குவித்துவிட்டு, "சாப்பிடு மகள், மக்னோலியா" என்றா. கோப்பை காலியாகும்வரை எனக்கு முன்னாலேயே நின்றா. சின்னம்மா, அடுத்த பஸ்ஸிலேயே நீங்கள் வாங்கோ.