விபேகேயின் எழுபதும் வரி விழாத பிரிண்டரும்

ஸ்வென்போர்க்,
ஆகஸ்ட் மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை லிஸ்பெத்துக்கு,

அண்ணன் ஆஸ்கெர் எழுதுவது. இங்கே நான், விபேகே, பூனை மூவரும் நலம். பிரிண்டர் நலமில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது, மாப்பிள்ளை நீல்ஸ் இன்னும் தேனீ வளர்க்கிறாரா, அல்லது தேனீக்கள் அவரைக் கைவிட்டுவிட்டனவா என்று அறிய ஆவல்.

கடிதம் எதற்கு, போன் இல்லையா என்று கேட்பாய். போன் செய்தால் பாதியில் விபேகே வந்து, "குடு, லிஸ்பெத்கிட்ட நானும் ரெண்டு வார்த்தை பேசறேன்" என்று பிடுங்கிக்கொள்வாள். மின்னஞ்சலோ எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். இது அவளுக்குத் தெரியக் கூடாத விஷயம்.

வரும் சனிக்கிழமை அவளுக்கு எழுபது. படகுக் கழக மண்டபத்தில் நாற்பது பேருக்கு விருந்து. எழுபதாம் பிறந்தநாளில் வீட்டுக்காரன், விருந்துக்கு வந்தவர்கள் சேர்ந்து பாட ஒரு பாட்டுக்கூட எழுதாமல் வந்து உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் அறுபதுக்கு மாப்பிள்ளை பாட்டுத் தாள்களை வீட்டிலேயே மறந்துவிட்டு வர, மெட்டு தெரிந்தும் வரி தெரியாமல் அத்தனை பேரும் ஹெர்ரிங் மீன் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அந்தக் கதி எனக்கும் வந்துவிடக் கூடாது. நான் எழுதிவிட்டேன், லிஸ்பெத். ஏழு சரணம். முதல் ஆறும் கேலிதான்: அவள் காரைப் பின்னால் எடுத்துத் தபால் பெட்டியைச் சாய்த்தது, ரொட்டி மாவோடு பேசுவது, என் பழைய ஸ்வெட்டரை அவள் தானக் கடைக்குக் கொடுத்துவிடுவதும் நான் போய் அதையே காசு கொடுத்து வாங்கி வருவதும்.

ஏழாவதுதான் விஷயம். நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். கல்யாணத்தில் பாதிரியார் கேட்டபோது "ஆம்" என்றேன். அதற்குப் பிறகு அந்த மாதிரி ஒரு வார்த்தை என் வாயில் வந்ததில்லை. போன குளிர்காலத்தில் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல எவ்வளவோ இருந்தது. கடைசியில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காத கதையைத்தான் ஒரு மணி நேரம் சொல்லிவிட்டு வந்தேன். நாற்பது பேர் குரலுக்குள் ஒளிந்துகொண்டு சொன்னால்தான் எனக்கு உண்டு. அதற்கு நாற்பது தாள் வேண்டும்.

இனி பிரிண்டர் மகாத்மியம். வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் வேலை வாங்கினால் மை காய்ந்து துளையெல்லாம் அடைத்துக்கொள்ளுமாம். எனக்கு யார் சொன்னார்கள்? முதல் தாளிலேயே வெள்ளைக் கோடு கோடாக ஓடியது, ஒரு வரி இருந்தால் அடுத்த வரி இல்லை. ஹெட் கிளீனிங் என்பதை அழுத்தினேன். அது கடகடவென்று கத்தி, தன்னைத்தானே கழுவிக்கொண்டு, கழுவின சாக்கில் பாதி மையைக் குடித்தும் தீர்த்தது. சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"அங்க என்ன சத்தம், ஆஸ்கெர்?"

"வரிக் கணக்கு பாக்கறேன்."

"ஆகஸ்ட்லயா?"

இந்தத் தடவை கோடு வேறு இடத்தில் விழுந்தது. மறுபடி கழுவினேன், மை சுத்தமாகத் தீர்ந்தது. மலிவாக ஒரு கார்ட்ரிட்ஜ் வாங்கி வந்து மாட்டினால் தாள் வெள்ளை வெளேரென்று வெளியே வருகிறது. பக்கத்து வீட்டு ஐவினைப் பின்கதவு வழியாகக் கூட்டி வந்தேன். தீவுப் படகில் இன்ஜின் பார்த்து ஓய்வு பெற்றவன், எதையும் கழற்றுவான். அவன் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, அதன்மேல் நான் உரிக்காமல் விட்டிருந்த மஞ்சள் நாடாவைக் காட்டினான்.

"யோவ், மூடியத் தொறக்காம பாட்டிலக் கவுத்தா பீர் வருமா?"

நாடாவை உரித்தோம். முதல் பக்கத்தில் விபேகே இருபத்திரண்டு வயதில் படகுத் துறையில் நிற்கிற படம் போட்டிருக்கிறேன். சிவப்பு மை வராததால் என் பெண்டாட்டி பச்சைப் பசேலென்று நின்றாள். "அன்னிக்குக் காத்து பலமோ, படகுல கொமட்டிடுச்சா?" என்றான் ஐவின். பிறகு ஹெட்டைக் கழற்றி, வெந்நீரில் நனைத்த காகிதத்தின்மேல் வைத்து ஊறவிட்டான். நிஜமாகவே சிவப்பு வந்தது, ஆனால் எழுத்தெல்லாம் நிழல் தட்டி இரட்டை இரட்டையாக விழுந்தது. "இப்படியே விடு. மூணு ஷ்னாப்ஸ் உள்ள போனா ஒண்ணாத்தான் தெரியும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். எழுத்தை நேராக்கிய பிறகு, பளபளக்கிற தாளைத் தலைகீழாகப் போட்டுத் தொலைத்தேன். மை ஊறாமல் வழிந்து சட்டையில் சொட்டியது. இரவுச் சாப்பாட்டில் ரை ரொட்டியை எடுத்தால் வெண்ணெயில் என் விரல் ஐந்தும் பதிந்திருந்தன.

"கை ஏன் நீலமா இருக்கு?"

"ப்ளூபெர்ரி."

"நான் வாங்கவே இல்லையே."

ஆகவே தங்கையே, உன் பிரிண்டரை வெள்ளிக்கிழமை காரில் போர்வை போட்டு மூடிக் கொண்டு வா. விபேகே கேட்டால் கேக் என்று சொல். நான் இந்த ஒரு தடவையாவது அவளுக்குச் சொல்லிவிட வேண்டும், லிஸ்பெத். அடுத்த பெரிய பிறந்தநாளுக்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறது. அத்தனை நாள் தைரியமாக நம்பி இருக்கிற வயதா நமக்கு?

உன் முழங்காலும், மாப்பிள்ளையின் தேனீக்களும், உங்கள் வீட்டுக் கூரையும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

என்றும் உன் பாசமுள்ள அண்ணன்,
ஆஸ்கெர்

பி.கு.: பிரிண்டரைக் கொண்டு வராதே. மேலே உள்ளது எதுவும் இப்போது ரகசியம் இல்லை. இருந்தாலும் அனுப்புகிறேன், தபால்தலை விற்கிற விலைக்கு உறையை வீணாக்க மனம் வரவில்லை.

உறையை ஒட்டப் போகும்போது விபேகே ஒரு கட்டுத் தாளோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். நான் பழைய பேப்பர் தொட்டியில் போட்டதையெல்லாம் எடுத்து வைத்திருக்கிறாள். ஒரு தாளில் விழாத வரி இன்னொன்றில் விழுந்திருக்குமே, எல்லாவற்றையும் சேர்த்துப் படித்துவிட்டாள்.

"தபால் பெட்டி தானா சாஞ்சது, அத முதல்ல மாத்து. ஏழாவதும் படிச்சுட்டேன். கடைசி வரி மட்டும் எந்தத் தாள்லயும் இல்ல, எல்லாத்துலயும் அடி ஈஷிக் கெடக்கு. என்ன எழுதியிருந்த?"

"சனிக்கிழமை தெரியும்."

"இப்ப சொல்லு."

சொன்னேன், லிஸ்பெத். "இத்தன வருஷம் ஆகியும், வாசல்ல உன் சாவிச் சத்தம் கேட்டா நான் தலையக் கோதி விட்டுக்கறேன்."

அவள் என் மண்டையைப் பார்த்தாள். "கோத அங்க என்ன இருக்கு?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். என் நீலக் கையைப் பிடித்தவள் காபி ஆறிப்போகும்வரை விடவில்லை.

பிறகு, "அந்த வரிய நாப்பது பேர் பாட வேண்டாம், ஆஸ்கெர். அது எனக்கு" என்றாள். அதை இப்போது உனக்கு எழுதிவிட்டதை அவளிடம் சொல்லவில்லை.

பாழாய்ப்போன பிரிண்டர் இன்றைக்குப் பார்த்து நாற்பது தாளையும் பளிச்சென்று அடித்துக் கொடுத்துவிட்டது, நான் எடுக்க மறந்த அந்தக் கடைசி வரி உட்பட. இப்போது விபேகே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, கட்டை விரலை நனைத்து நனைத்து, ஒவ்வொரு தாளிலும் அந்த ஒரு வரியை மட்டும் தேய்த்து அழித்துக்கொண்டிருக்கிறாள்.