உலர் முறைச் சவர்க்காரம்

ஜெர்மன்காரனையும் ஜப்பான்காரனையும் துரைமார் எப்படித் தோற்கடித்தார்கள் என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதே யுத்தகாலத்தில், அதே சாம்ராச்சியத்தின் ஒரு மூலையில், கற்பிட்டிக்குத் தெற்கே களப்புக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் ஊர் நாற்றம் என்னும் மகா பகைவனைத் தோற்கடித்தது. இதை எழுத ஒருவரும் இல்லை. ஆகையால் நானே எழுதுகிறேன். நான் சூசைப்பிள்ளை, இவ்வூர்ப் பாடசாலையின் தலைமையாசிரியர். வேறு ஆசிரியர்கள் இல்லாதபடியால் தலைமை தானாகவே வந்தது. "இயற்கைப் பரிமள சுத்தி விருத்திச் சங்க"த்தின் கௌரவ காரியதரிசியும் நானே. அந்தப் பதவிக்குப் போட்டி இருக்கவில்லை. ஊரில் என்னிடம் மட்டும்தான் மை இருந்தது.

எல்லாம் ஒரு கிணற்றில் தொடங்கியது. சங்கத்தின் மகத்தான வரலாற்றில் கிணறு ஒரு சில்லறை விஷயம்தான். ஆனாலும் கேட்பவர்கள் கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். முந்தின மாரியில் அடித்த பெருங்காற்றில் கடல் ஏறி ஊர்க் கிணற்றுக்குள் வந்துவிட்டது. பிறகு கடல் திரும்பிப் போனது, உப்புப் போகவில்லை. அன்றுமுதல் பெண்கள் விடியப்புறம் எழும்பி, மணற்காட்டைத் தாண்டி, ஹயாத்து முகம்மது முதலாளியின் தென்னந்தோட்டக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள். முதலாளி நல்ல மனிதர். "ஊட்டுக்கு ஒரு குடம் எடுங்க, புள்ளையள். கோடையில என்ட கெணறும் அடியக் காட்டுது" என்று சொல்லியிருந்தார்.

இந்த ஒரு குடம் எல்லோருக்கும் போதுமாயிருந்தபோது அனஸ்தாசியாவுக்கு மட்டும் போதவில்லை. அனஸ்தாசியா கருவாடு காயவைத்துப் பிழைப்பவள், விதவை. மகள் றோசா நிறைமாதம். மருமகன் மன்னார்ப் பக்கம் தொழிலுக்குப் போய்விட்டான். மகளால் குடம் தூக்க முடியாது; பிள்ளை பிறந்தால் தாயால் மகளைவிட்டு அசைய முடியாது. ஒருநாள் அனஸ்தாசியா பாடசாலை வாசலில் வந்து நின்றாள்.

"மாஸ்டர், துரைக்கு ஒரு மனு எழுதுங்க. ஊருக்கு ஒரு கிணறு வேணும். என்ட புள்ளைக்குப் புள்ள பிறக்கிறதுக்குள்ள வேணும்."

எழுதினேன். "புள்ள பிறக்கிறதுக்குள்ள" என்பதை "கூடிய விரைவில்" என்று திருத்தி, நாலு இடத்தில் "தாழ்மையுடன்" சேர்த்து அனுப்பினேன். கிணற்றைப் பற்றி, டிஸ்திரிக்கை ஆளும் ஏஜண்டுத் துரை ஒன்றும் சொல்லவில்லை. ஊரின் நிலையை நேரில் பார்வையிட மாத முடிவில் வருவதாக மட்டும் தெரிவித்தார்.

ஊர்த் தலைவரான விதானை நிக்கொலஸுக்குக் கை கால் ஓடவில்லை. பாடசாலையில் உடனே கூட்டம் போட்டார்.

"துரை வாறார். வந்து இந்தக் கருவாட்டு மணம் மூக்கில பட்டா, லேஞ்சிய எடுத்து மூக்கில வைச்சுக்கொண்டு திரும்பிக் காருக்குள்ள ஏறிடுவார். அப்ப கிணறு எங்க? முதல்ல ஊர் மணக்கோணும். மணந்தா துரை நிற்பார். நிண்டா கிணத்தப் பார்ப்பார். பார்த்தா தருவார்."

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க எவராலும் முடியவில்லை. நானும் முயன்று பார்த்தேன்.

ஊரை எப்படி மணக்கவைப்பது என்ற கேள்விக்கு விடை விதானையின் வீட்டிலேயே இருந்தது. அவர் மனைவி றோசமேரி நோனா சிலாபத்தில் பிறந்து இங்கிலீஷ் படித்தவர். அவரிடம் சீமையிலிருந்து வந்த பெண்கள் சஞ்சிகை ஒன்று இருந்தது. கடைச் சவர்க்காரம் விஷம், எல்லாவற்றையும் வீட்டிலேயே இயற்கையாகச் செய்ய வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. யுத்தத்தால் கடையில் சவர்க்காரமே கிடைக்காத காலம். ஆகவே அந்த விஷத்தைக் கைவிடுவது எங்களுக்கு மிகவும் சுலபமாக இருந்தது.

"இனி எல்லாம் இயற்கை!" என்றார் நோனா. "சவுக்காரம் மணக்கப் பங்கிரிப் புல் எண்ணெய். நிலம் துடைக்க வினாகிரியில கறுவா இலை எண்ணெய். பற்பொடிக்குக் கராம்பு எண்ணெய். தலைக்கு வெட்டிவேர் போட்டுக் காய்ச்சின எண்ணெய்."

அனஸ்தாசியா எழும்பினாள். "நோனா, சவுக்காரம் சரி. அதைப் போட்டுக் குளிக்கத் தண்ணி?"

"அது வேற விஷயம், அனஸ்தாசியா."

"உப்புத் தண்ணியில நுரை வராதே, நோனா."

"நுரைக்கிறது இயற்கை இல்ல. விஷம்தான் நுரைக்கும்."

தண்ணீர் என்பது சவர்க்காரத்தோடு சம்பந்தப்படாத விஷயமாகையால் பிறிதொரு கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அனஸ்தாசியா விதானையைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஊர் மணந்தா கிணறு வருமா, விதானையார்?"

"வரும்."

"அப்ப சரி. கிணறு வரும் எண்டா நான் சாணியிலயும் சவுக்காரம் காய்ச்சுவன்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சங்கம் பிறந்தது.

பாடசாலை முற்றம் தொழிற்சாலையாயிற்று. கல்விக்கு நான் விடுமுறை அளித்தேன். பொரிக்க வைத்திருந்த தேங்காயெண்ணெயை ஒவ்வொரு வீடும் கொண்டுவந்து ஊற்றியது. ஊர் அதற்குப் பிறகு பல நாள் எல்லாவற்றையும் அவித்தே சாப்பிட்டது. அதுவும் உடம்புக்கு நல்லது என்று சஞ்சிகையில் இருந்தது. தேங்காய் உரித்த பொச்சு மட்டையை எரித்துச் சாம்பல் எடுத்தார்கள். வாசனை எண்ணெய்களை நோனாவின் தம்பி அல்பிரட் சிலாபத்திலிருந்து பெட்டியில் அனுப்பினார். சாம்பலில் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் காரம் இறக்கி, எண்ணெயோடு சேர்த்துக் காய்ச்சினோம். மேலே எண்ணெய் மிதந்தது, கீழே உப்புப் படிந்தது. நோனாவின் முகம் சுருங்கியது.

சஞ்சிகையை மறுபடி புரட்டினார். "மழைத் தண்ணியில செய்யோணும் எண்டு போட்டிருக்கு" என்றார்.

மழைக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. ஊரில் இருந்த நல்ல தண்ணீர் ஒன்றுதான்: வீட்டுக்கு ஒரு குடமாக அன்று காலையில் வந்தது. விதானை வீடு வீடாக ஆள் அனுப்பினார். குடங்கள் முற்றத்துக்கு வந்தன. அனஸ்தாசியா தன் குடத்தை இடுப்பைவிட்டு இறக்காமல் நின்றாள்.

"றோசாவுக்குக் கஞ்சி வைக்க இதுதான் இருக்கு, விதானையார்."

"கஞ்சி நாளைக்கும் குடிக்கலாம். துரை ஒருநாள்தான் வருவார்."

அவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள். பிறகு ஊற்றினாள். கடைசிச் சொட்டு வரைக்கும் கவிழ்த்துப் பிடித்து ஊற்றினாள். பொதுநலம் என்றால் இதுவல்லவா என்று எனக்குக் கண் கலங்கியது. பங்கிரி எண்ணெயும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சவர்க்காரம் பிடித்தது. மீன் வெட்டும் கத்தியால் கட்டி கட்டியாக அறுத்தோம். அடேயப்பா, என்ன மணம்! முதல் கட்டியை விதானை முன்மாதிரியாக ஊர்க் கிணற்றடியில் போட்டுக் குளித்தார். அது உப்புத் தண்ணீரில் திரைந்து, வெள்ளைப் பசையாகி அவர் மீசையில் குடியேறியது. மீசை இரண்டு நாள் ஒரே திசையைக் காட்டிக்கொண்டிருந்தது.

வேறு சங்கமாக இருந்தால் இந்த இடத்தில் கலைந்திருக்கும். எங்கள் சங்கம் யோசித்தது. யோசனையின் பயனாக நோனா உலகத்துக்கு அளித்த கொடைதான் "உலர் முறை". இதன்படி சவர்க்காரத்தைத் தண்ணீரில் நனைப்பது அநாகரிகம். காய்ந்தபடியே உடம்பிலும் உடுப்பிலும் தேய்க்க வேண்டும். அழுக்கு அப்படியே இருக்கும், ஆனால் மணக்கும். சுத்தத்தில் கண்ணுக்கு உரிய பங்கைக் குறைத்து மூக்கின் பங்கைக் கூட்டிய இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிச் சீமையில்கூட எவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

துரை வரும் நாள் விடிந்தபோது ஊர் சொர்க்கமாக இருந்தது. ஒழுங்கை மணலில் கறுவா எண்ணெய் தெளித்திருந்தது. பிள்ளைகளின் வாயில் கராம்பு எரிந்ததால் அவர்கள் பேசாமல் நின்றார்கள். என் ஆசிரிய வாழ்வில் அப்படி ஓர் ஒழுக்கத்தை நான் கண்டதில்லை. நாய்கள் தும்மின. ஈக்கள் ஊரைவிட்டே போய்விட்டன. அவற்றுக்குப் போக வேறு இடம் இருந்தது.

துரை காரைவிட்டு இறங்கினார். கையில் லேஞ்சி தயாராக இருந்தது. மூக்கை ஒருதரம் சுருக்கினார், மறுதரம் விரித்தார். லேஞ்சியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். விதானைக்கு அழுகை வந்துவிட்டது.

"இப்படி ஒரு மணம் கொழும்பிலும் இல்லை என்று துரை சொல்கிறார்" என்றார் கூட வந்த மொழிபெயர்ப்பு முதலியார்.

சவர்க்காரங்களைத் துரை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார். நேரம் போனது. வெயில் ஏறியது. கிணற்றைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. அப்போதுதான் அனஸ்தாசியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு செம்பு. ஊர்க் கிணற்றில் அள்ளிய தண்ணீர்.

"ஐயா, துரை ஒரு மிடறு குடிச்சுப் பார்க்கட்டும். பிறகு நான் ஒண்டும் கேக்கல்ல."

றோசமேரி நோனா திகைத்துப் போனார். "என்ன அனஸ்தாசியா இது! துரைக்கு வெறும் தண்ணியக் குடுக்கிறதா? ஊர் மானம் என்னத்துக்கு ஆகும்?" என்று செம்பைப் பிடுங்கினார். ஒரு தேசிக்காயைப் பிழிந்தார். சீனி போட்டார். செரிமானத்துக்கு நல்லது என்று கறுவா எண்ணெயில் ஒரு சொட்டும் விட்டார். அனஸ்தாசியா செம்புக்குக் கை நீட்டினாள். அதற்குள் அது துரையின் கைக்குப் போய்விட்டது.

துரை குடித்தார். நல்ல வெயில். உப்பும் புளிப்பும் இனிப்பும் தொண்டையில் இறங்க, முகம் மலர்ந்தது. செம்பிலிருந்து வாயை எடுக்காமல் குடித்து முடித்து, இன்னொரு செம்பு கேட்டார்.

"இது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று துரை கேட்கிறார்."

"எங்கட ஊர்க் கிணறுதான், ஐயா!" என்றார் விதானை, நெஞ்சை நிமிர்த்தி.

"ஐயோ, அது உப்பு ஐயா!" என்று அனஸ்தாசியா கத்தினாள். "தேசிக்காய் போட்டதால தெரியல்ல! என்ட மகளுக்கு இண்டைக்கோ நாளைக்கோ எண்டு இருக்கு, ஐயா. ஒரு குடத்த வைச்சுக்கொண்டு நான் என்னத்தச் செய்யிறது?"

முதலியார் இதை இங்கிலீஷில் சுருக்கினார். சுருக்கியதில் நன்றி மட்டும்தான் மிஞ்சியது. துரை அவளைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார்.

பிறகு துரை தம் முடிவைச் சொன்னார். தண்ணீர் இல்லாத ஊர் இவ்வளவு சுத்தமாக இருக்க முடியாது. ஆகவே இவ்வூரில் தண்ணீர்க் குறை இல்லை. நாங்கள் கேட்ட கிணறு, பாவம், நாறிக்கொண்டிருந்த வேறோர் ஊருக்குப் போனது. எங்களுக்கு ஒரு கேடயம் கிடைத்தது. பித்தளை. அதை ஊர்க் கிணற்றுக் கட்டிலேயே பதித்தோம், அந்தப் பக்கம்தான் ஆள் நடமாட்டம் இல்லாமல் துப்புரவாக இருந்தது.

அந்தக் கிழமையே ஒரு விடியப்புறம் றோசாவுக்கு வலி கண்டது. அனஸ்தாசியா அன்று தண்ணீருக்குப் போகவில்லை. செய்தி கேட்டதும் சங்கத்தின் "பிரசவப் பரிசு"டன் நான் புறப்பட்டேன்: வாழை இலையில் சுற்றிய ஒரு கூடைச் சவர்க்காரம். நான் போய்ச் சேரவும் உள்ளே பிள்ளை அழவும் சரியாக இருந்தது.

மருத்துவிச்சி மக்தலேனா வாசலுக்கு வந்தாள். "தண்ணி எங்க, மாஸ்டர்?"

"சவர்க்காரம் கொண்டுவந்திருக்கிறேன்."

"புள்ள இரத்தமும் நிணமுமாக் கிடக்குது. தண்ணி எங்கண்டு கேக்கிறன்!"

உலர் முறையை விளக்க நான் வாய் எடுத்தேன். அதற்குள் என்னை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு றஹ்மத் உம்மா உள்ளே போனார். ஹயாத்து முகம்மது முதலாளியின் மனைவி. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி. அந்த வயதில் மணற்காட்டைத் தாண்டி வந்ததில் மூச்சு வாங்கியது.

"காலையில கெணத்தடிக்கு அனஸ்தாசியா வரல்ல. அப்பவே நெனச்சன்" என்றார். "தண்ணியச் சுட வைங்க, மகள்."

பிள்ளையைக் குளிப்பாட்டினார்கள். பெண் பிள்ளை. கூடையிலிருந்து ஒரு கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்த றஹ்மத் உம்மா, "இது என்னத்துக்கு, மாஸ்டர்?" என்றார்.

"மணக்க."

"புள்ளைக்கு அதுட மணமே போதும்" என்று கட்டியைத் திரும்பக் கூடைக்குள் போட்டுவிட்டார்.

நான் விடைபெறும்போது அனஸ்தாசியா வெளியே வந்தாள். அழுது முடித்த முகம். அவளுடைய வெறும் குடத்தைத் தூக்கி என் கையில் வைத்தாள். சங்கத்துக்காகக் கவிழ்த்த அதே குடம்.

"காரியதரிசி ஐயா, இதைக் கொண்டுபோங்க. அடுத்தமுறை வரக்குள்ள மணத்தோட வரவாணாம். தண்ணியோட வாங்க."

ஊரில் எவருக்கும் கிடைக்காத மரியாதை அது. குடத்தைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மேசைமேல் வைத்தேன். அனஸ்தாசியா சங்கத்துக்கு அளித்த நன்கொடை என்று அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. நோனா தம் கையாலேயே அதை உலர் முறையில் துலக்கி, உட்புறம் முழுக்கக் கராம்பு எண்ணெய் பூசினார்.

யுத்தம் முடிந்துவிட்டது. கடைக்குச் சவர்க்காரம் திரும்ப வந்துவிட்டது. றோசாவின் மகளுக்கு இப்போது நடக்க வருகிறது. விடியப்புறம் தாய்க்குப் பின்னால் மணற்காட்டுப் பக்கம்தான் நடந்து பழகுகிறாள். குடம் இன்னும் என் மேசைமேல் இருக்கிறது. புத்தளம் டிஸ்திரிக்கில் இவ்வளவு மணக்கும் குடம் வேறு இல்லை என்று பார்க்க வரும் பெரியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அதற்குள் மூக்கை விடாதவர் எவரும் இல்லை. தண்ணீர் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்தவர் இன்றுவரை ஒருவரும் இல்லை.