கிருபைரட்ணம் மாஸ்ரரின் ஜப்பான் வான்

நாளைய வாகனத்தை இன்றைக்கே வைத்திருப்பவர் என்றொரு இனம் உண்டு, வாசகரே. பெற்றோல் கண்ணில் படாமல், மண்ணெண்ணெயும் அருமையாகி, ஊரே சைக்கிளில் ஏறிவிட்ட இந்தக் காலத்திலும் அந்த இனம் அழியவில்லை. அவருடைய வாகனம் எங்கேயும் போகாது. ஆகையால் பழுதாகவும் மாட்டாது.

கைதடிக் கிருபைரட்ணம் மாஸ்ரரைப் பாருங்கள். கப்பலில் வேலை செய்த மைத்துனர் கொண்டுவந்த ஜப்பான் சஞ்சிகையில் ஒரு வான் வண்டியின் படம்: இருக்கைகள் மடிந்து மறைய, தரையெல்லாம் பாய் விரிய, நடுவில் குட்டி மேசை எழும்ப, கடதாசிக் கதவைச் சாத்தினால் வான் ஒரு தேநீர் அறை. "உது விக்கிறதுக்கில்லை அத்தான், காட்சிக்குச் செய்தது" என்று மைத்துனர் சொன்னதை மாஸ்ரர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். தம்முடைய பழைய வானின் இருக்கைகளை அன்றே கழற்றினார். மடிக்கும் வித்தை பிறகு வரட்டும். புற்பாய் வந்தது. பலாப்பலகை மேசை வந்தது. பட்டம் ஒட்டும் தாளில் கதவும் வந்தது.

மனைவி ஐரிஸின் கவலை வேறு. மகள் ஸ்ரெல்லா நிறைமாதம். மருமகன் கொழும்பில், சண்டையால் பாதையோ பூட்டு.

"பிள்ளைக்கு நோவு தொடங்கினால் சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்கு எதிலை கொண்டுபோறது?"

"வான் நிக்குதெல்லே."

"நிக்கிறது தெரியுது. ஓடுமோ?"

"எஞ்சினுக்கு ஒரு குறையுமில்லை."

உண்மைதான். கிழமைக்கு ஒருமுறை, கதவடியில் நின்றபடியே கையை உள்ளே விட்டு, சேர்த்துவைத்த மண்ணெண்ணெயில் எஞ்சினை முழக்குவார். இந்த இனம் பொய் சொல்வதில்லை.

பின்னேரங்களில் விருந்தினர் செருப்பைக் கழற்றி வானில் ஏறி, சப்பாணி கட்டியிருந்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிப்பார்கள். ஜப்பான்காரனின் மூளையை வியப்பார்கள். போவார்கள்.

ஒரு பின்னேரம் ஸ்ரெல்லாவுக்கு நோவு கண்டது. எஞ்சின் முதல் தடவையிலேயே முழங்கியது. மாஸ்ரரின் கண் கலங்கியது.

"செருப்பைக் கழற்றிப்போட்டு ஏறு பிள்ளை."

ஐரிஸும் செருப்பைக் கழற்றி ஏறினாள். மாஸ்ரரும் ஏறிக் கடதாசிக் கதவைச் சாத்தினார். மூவரும் மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். வழக்கமாக இந்த இடத்தில்தான் தேநீர் வரும்.

"ஆரப்பா ஓட்டுறது?" என்றாள் ஐரிஸ்.

மாஸ்ரர் முன்பக்கம் பார்த்தார். சாரதியின் இருக்கை இருந்த இடத்தில் செவ்வரத்தம்பூச் சாடி. சஞ்சிகையை எடுத்து விரித்தார். உற்றுப் பார்த்தார்.

"படத்திலையும் ட்ரைவர் இல்லை."

"அப்பா, மேசையை எடுங்கோ. நான் காலை நீட்டவேணும்" என்றாள் ஸ்ரெல்லா.

ஐரிஸின் ஓலம் கேட்டுப் பக்கத்து வீட்டு நடராசா, வெங்காயம் ஏற்றும் லாண்ட்மாஸ்ரர் உழவியந்திரத்தைப் பின்னால் பூட்டிய பெட்டியோடு கொண்டுவந்தார். வானின் புற்பாயை உரித்துப் பெட்டியில் விரித்தார்கள்.

"செருப்போடை ஏறலாம் மாஸ்ரர்" என்றார் நடராசா.

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி ஐந்து நிமிடத்தில் பெண்குழந்தை. தாயும் சேயும் சுகம். பேத்தியின் முகம் கண்டு மாஸ்ரர் தேம்பித் தேம்பி அழுதார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "அந்தப் பாய் இல்லாட்டி என்ன நடந்திருக்கும்?" என்றார்.

மறுநாள் காலை மாஸ்ரர் லாண்ட்மாஸ்ரர்ப் பெட்டியைச் சாண் போட்டு அளந்துகொண்டு நின்றார். "நடராசா, உதுக்கொரு கடதாசிக் கதவு போட்டால்..."

நடராசா உழவியந்திரத்தை ஸ்ராட் பண்ணும் கம்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

சிரிக்கிறீர்கள், வாசகரே. நல்லது. உங்கள் கொட்டிலிலும் சாக்குப் போட்டு மூடிய ஏதோ ஒன்று நிற்கிறதல்லவா? அதற்கும் எஞ்சினில் ஒரு குறையும் இருக்காது. ஓட்டுபவர் இருக்க இடமிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம்.