பால் காய்ச்சிய கோழிக்கூடு

சிட்னியில் சட்டத்தை மீறி மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். சட்டத்தை அளவுக்கு மேல் மதித்து மாட்டிக்கொண்ட ஒரே மனிதர், பென்டில் ஹில்லில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவரை மாட்டிவிட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் கடைசி வரி வரை ஒளித்து வைத்து எழுத எனக்குத் தெம்பில்லை.

அவரைச் சேர்வேயர் என்றுதான் எல்லோரும் அழைப்போம். இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தில் இருந்தவர். இங்கே வந்து ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். ஆனால் இடுப்பில் கட்டிய சாரத்தில் செருகிய அளவு நாடா மட்டும் ஓய்வு பெறவில்லை. கோயில் அன்னதானத்தில் இலைக்கும் இலைக்கும் இடைவெளி போதாது என்று பந்தியையே எழுப்பி மறுபடி உட்கார வைத்தவர் அவர். என் மகளின் கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்தில், மணவறை இரண்டு அங்குலம் இடது பக்கம் சாய்ந்திருப்பதாக அறிவித்தார். மாப்பிள்ளை பயந்து எழுந்தே விட்டார்.

இப்படிப்பட்டவருக்குக் கோழி வளர்க்க ஆசை வந்தது. அவரோ சுத்த சைவம். முட்டையைக்கூட வாயில் வைக்க மாட்டார்.

“பிறகென்னத்துக்குக் கோழி?” என்று கேட்டேன்.

“மாஸ்டர், மலர் நாள் முழுக்க ரீவி நாடகத்தோட. எனக்கும் கதைக்க ஆக்கள் வேணும்தானே?”

மலரக்கா அவருடைய மனைவி. நான் பழைய கணக்கு வாத்தியார் என்பதால் எல்லோருக்கும் மாஸ்டர்.

வேறு யாராவது என்றால் கோழியை வாங்கி வந்து விட்டுவிட்டுத்தான் சட்டத்தைப் பற்றி யோசிப்பார்கள். சேர்வேயர் முதலில் கவுன்சில் விதிகளைப் படித்தார். மனிதர் வசிக்கும் எந்த வீட்டிலிருந்தும் கோழி நாலரை மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். தன் வீடு மட்டுமல்ல, அயல் வீடுகளும் கணக்கு. ஒருநாள் விடியற்காலையில் எங்கள் குசினி யன்னலுக்கு வெளியே ஏதோ சரசரத்தது. உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்த என் மனைவி கத்தினாள்.

“ஐயோ, ஆரது?”

“நான்தான் தங்கச்சி. பயப்படாதேங்கோ. உந்த நாடா நுனியை ஒருக்காச் சுவரோட பிடியுங்கோ.”

இரவு உடுப்போடு வெளியே போய்ப் பிடித்தாளாம். “ஏன் பிடிச்சனீர்?” என்று பிறகு கேட்டேன். “பிடிக்கச் சொன்னார், பிடிச்சனான்” என்றாள். அவர் குரலில் அப்படி ஒரு அரசாங்கம் இருந்தது.

அளந்து முடித்தபோது, முழு வளவிலும் ஒரு கட்டில் போடும் அளவு இடம்தான் சட்டப்படி மிஞ்சியது. அந்த இடத்தில் கூடு எழுந்தது. ஊரார் தெருவோரத்தில் கழித்துப் போடும் சாமான்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தார். கண்ணாடி யன்னல் வந்தது. பூட்டோடு ஒரு கதவு வந்தது. யன்னலுக்குத் திரைச்சீலை, உள்ளே மின்விளக்கு, ஒரு சாய்மனைக் கதிரை. கடைசியில் கதவில் இலக்கமும் ஏறியது: 14A.

“இதுக்குள்ள கோழியோ, இல்லாட்டி வாடகைக்கு ஆள் விடப் போறீங்களோ?” என்றேன். அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மலரக்கா தன் பங்குக்கு வந்தார். “புது வீடு. பால் காய்ச்சாமல் எப்பிடிக் குடிபோறது?”

“மலரக்கா, கோழி பால் குடிக்காது.”

“சாமி குடிக்கும்.”

பஞ்சாங்கத்தில் நேரம் பார்த்து, மாவிலைத் தோரணம் கட்டி, மூன்று செங்கல் வைத்து, யூக்கலிப்டஸ் சுள்ளியில் பால் காய்ச்சினார்கள். பால் கிழக்கே பொங்கியது. புகை நாலு திசையிலும் பொங்கியது. நான் சிறிய வாழ்த்துரை ஆற்றினேன். அடுத்த நாள் பென்ரித் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் கோழிகளைக் கொண்டுவந்து இறக்கினார். எங்கள் ரயில் பாதையின் ஸ்டேஷன் பெயர்களையே அவற்றுக்கு வைத்தார்: டூங்காபி, வெஸ்ட்மீட், பரமட்டா, கிரான்வில், ஓபன். “பரமட்டா இண்டைக்கு லேட்” என்று அவர் வேலிக்கு மேலால் சொன்னால், முட்டை இன்னும் வரவில்லை என்று அர்த்தம். முட்டை முழுவதும் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது.

புகையைப் பார்த்து யாரோ கவுன்சிலுக்குப் போன் பண்ணியிருக்கிறார்கள். அடுத்த வாரம் தொப்பி போட்ட இளம் பெண் அதிகாரி ஒருத்தி வந்தாள். சேர்வேயர் விருந்தாளியைப் போல வரவேற்றார். அவள் லேசர் கருவியால் அளந்தாள். “மில்லிமீற்றர்கூடப் பிசகவில்லை” என்று ஆங்கிலத்தில் பாராட்டினாள். சேர்வேயரின் கண் கலங்கியது. அவள் அப்படியே போயிருப்பாள். என் ஆங்கிலத்தையும் அவளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு சபலம்.

தோரணத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டாள். பால் காய்ச்சும் சடங்கை விளக்கினேன். அதோடு நிறுத்தாமல், “கோழிக்கூட்டுக்கு யாரும் இப்படிச் செய்வதில்லை. மனிதர் குடிபோகும் வீட்டுக்குத்தான் செய்வோம்” என்றேன்.

அவள் முகம் மாறியது. “இதில் யாராவது தங்குகிறார்களா?”

காலமெல்லாம் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுத்தவன் நான். “இவர்தான் தினமும் மத்தியானம் இதற்குள் உறங்குவார். குறட்டை எங்கள் வீடு வரை கேட்கும்” என்றேன்.

அவள் கதவைத் திறந்தாள். சாய்மனைக் கதிரை, தலையணை, மடித்த போர்வை. போர்வையின் மேல் பரமட்டா.

தீர்ப்பு அங்கேயே வந்தது. இது அனுமதியில்லாமல் கட்டிய குடியிருப்பு. குடியிருப்புக்குள் கோழி இருக்க முடியாது. யன்னல், கதவு, விளக்கு, கதிரை எல்லாவற்றையும் கழற்றினால் இது கூடு. கழற்றாவிட்டால் கோழிகள் போக வேண்டும். இரண்டு வாரத்தில் திரும்பி வருவாள்.

ஒரு திருப்புளி வேலைதானே என்று நினைத்தேன்.

“பால் காய்ச்சின வீட்டைப் பிய்க்கிறதோ, மாஸ்டர்?” என்றார் சேர்வேயர். மலரக்கா காதைப் பொத்திக்கொண்டார். அதைவிட மோசம், தீர்ப்பு நியாயம் என்றே சேர்வேயருக்குப் பட்டது. “அவ சொன்னது சரி. வீட்டுக்குள்ள இருக்கிற கோழி வீட்டில இருந்து எத்தினை மீற்றர் தள்ளி இருக்கு? பூச்சியம். கோழியள்தான் போகவேணும்.”

சனிக்கிழமை வந்து கொண்டுபோகும்படி பென்ரித்காரருக்குச் சொல்லிவிட்டார். அதன்பின் என்னோடு பேச்சில்லை. வேலிக்கு அப்பால் கோழிகளோடு பேசுவது மட்டும் கேட்கும்.

“டூங்காபி, அங்க போய் ஒருத்தரோடயும் கொழுவாத. உனக்கு வாய் கூட. பக்கத்து வீட்டு மாஸ்டரைப் போல.”

அவர் தந்த முட்டையைப் பொரித்து முன்னால் வைத்தாள் மனைவி. எனக்கு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை, பரீட்சை மண்டபத்தில் வைத்திருந்த முகத்தை மறுபடி மாட்டிக்கொண்டு அவர் வளவுக்குள் போனேன்.

“சேர்வேயர், பால் காய்ச்சின அண்டு இரவு இதுக்குள்ள ஆரும் படுத்தனீங்களோ?”

“இல்லை. கோழியளும் அடுத்த நாள்தானே வந்தது.”

“அப்ப குடிபூரல் முடியேல்லை. முதல் இரவு ஆள் படுக்காத வீடு, வீடே இல்லை. வெறும் கொட்டில். பிய்க்கலாம்.”

“எங்க சொல்லியிருக்கு?”

“சாத்திரத்தில.”

முதல் இரவு தங்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது மெய்தான். தங்காவிட்டால் வீடு கொட்டிலாகிவிடும் என்பது நான் அந்த இடத்தில் நின்றபடி இயற்றிய சாத்திரம்.

“ஐயரை ஒருக்காக் கேட்பமோ?” என்றார் மலரக்கா.

“அவரும் இதைத்தான் சொல்லுவார்” என்றேன். இது இரண்டாவது பொய்.

சேர்வேயர் மலரக்காவைப் பார்த்தார். மலரக்கா டூங்காபியைப் பார்த்தார். பின்னேரம் யன்னல் கழன்றது, கதவு கழன்றது, விளக்கும் கதிரையும் வெளியே வந்தன. முன்பக்கம் முழுவதும் கம்பிவலை ஏறியது. பென்ரித்காரருக்கு வரவேண்டாம் என்று செய்தி போனது.

அதிகாரி மறுபடி வந்த நாளில் மலரக்கா ஒரு தட்டு வடையோடு என் அருகிலேயே நின்றார். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம், “மாஸ்டர், சூடா இருக்கு, ஒண்டு எடுங்கோ” என்று ஒன்றை உள்ளே தள்ளினார். “இப்போது இதில் யாராவது தங்குகிறார்களா?” என்று அதிகாரி என்னைத்தான் கேட்டாள். வாய் நிறைய வடை. இல்லை என்று தலையாட்டினேன். என் ஆங்கிலம் அவ்வளவு சிறப்பாக என்றைக்கும் வேலை செய்ததில்லை.

கோழிகள் இருக்கலாம் என்றாள். சேர்வேயர் மகிழ்ந்து முட்டை கொடுத்தார். வாங்குவது விதிக்கு மாறு என்று மறுத்துவிட்டாள். விதி என்றதும் அவருக்கு அவளை இன்னும் பிடித்துப்போனது.

அடுத்த நாள் மத்தியானம், சேர்வேயர் அந்தச் சாய்மனைக் கதிரையைத் தலைமேல் சுமந்துகொண்டு எங்கள் கேற்றைத் திறந்து வந்தார். பின் விறாந்தையில் நிழல் பார்த்துப் போட்டார். மன்னித்தேன் என்றும் இல்லை, மன்னிக்கவில்லை என்றும் இல்லை. படுத்தார், உறங்கினார்.

இன்றுவரை தினமும் வருகிறார். குறட்டையில் எங்கள் யன்னல் கண்ணாடி அதிரும். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் போடுவதில்லை.